தாளம் போட்ட பிள்ளையின் அத்தை

நாகவல்லிக்கு வாயைத் திறக்கவே பயம் வந்தது, கல்யாணமாகி நாலாம் வருஷத்தில்.

அவள் புருஷன் வலையபட்டிக்காரர், மரவேலை ஆசாரி. பெரிய வீடுகளில் கறையான் அரித்த நிலைகளையும் கதவுகளையும் சரிபண்ணக் கூப்பிடுவார்கள், போவார். ஒரு நாள் காலையில் அவர் மொபெட்டை எடுக்கும்போது, "பிரேக்கு பிடிக்கலன்னு நேத்து நீங்கதானே சொன்னீக. இன்னைக்கு பஸ்ஸுல போங்களேன். எங்குட்டாவது போயி முட்டிக்கிட்டு நிக்கப் போறீக" என்றாள். எந்தப் பெண்டாட்டியும் சொல்கிற பேச்சுதான். அவர் சிரித்துக்கொண்டே போனார். சாயங்காலம் வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

காரியம் முடிவதற்குள் மாமியார் கண்டுபிடித்துவிட்டாள். "இவ சொன்னா, சொன்னபடி நடந்துச்சு. கரிநாக்குடி இவளுக்கு." நாலு பெண்கள் சேர்ந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஓரத்தில் கடுகளவு ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. பிறந்த நாளிலிருந்து இருக்கிற மச்சம். அதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? பெட்டியைக் கட்டிக் காரைக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரைக்குடியில் தம்பி முத்துவேல் இருந்தான். தாய் இல்லாத பிள்ளை, இவள்தான் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தாள். அவன் மரக்கடையும் பட்டறையும் வைத்து, ஹேமாவதியைக் கல்யாணம் செய்து, கழனிவாசல் பக்கம் சொந்தமாக வீடு கட்டியபோதும் அக்காவை விட்டுவிடவில்லை. நாகவல்லி சமையல்கட்டோடும் பூஜை அலமாரியோடும் இருந்துகொண்டாள். பேச்சு மட்டும் சுருங்கிப்போயிற்று. "மழை வரும்போல இருக்கு" என்றுகூடச் சொல்லமாட்டாள். "துணிய எடுத்துருவமா?" என்று கேட்பாள். பால் பொங்கி வழியப்போவதைக் கண்டால் பேசாமல் ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். நல்லதோ கெட்டதோ, வரப்போகிற எதையும் வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

முத்துவேலுக்குப் பிள்ளை பிறக்கத் தாமதமாயிற்று. செவ்வாய்க்கிழமை தவறாமல் நாகவல்லி குன்றக்குடி மலை ஏறினாள். 'பிள்ளை பிறக்கும்' என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. முருகனிடம்கூடக் கையைக் கூப்பினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அவன் புரிந்துகொண்டான். ஆண்பிள்ளை பிறந்தது. கார்த்திகேய சிவம் என்று பேர் வைத்தார்கள், வீட்டில் சிவம். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்று, காது பார்க்கிற மெஷின் ரிப்பேர், அப்புறம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. கொழுகொழு என்று இருக்கிற பிள்ளையைக் காது பார்க்க யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?

ஹேமாவதி பட்டம் படித்தவள். கல்யாணத்துக்கு முன் சிவகங்கையில் ஒரு நகைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பட்டறையிலிருந்து புருஷன் தலையெல்லாம் மரத்தூளோடு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் ஒரு மாதிரியாகும். தன் பிள்ளை உளியைத் தொடக்கூடாது, மேடையில் ஜிப்பா போட்டு உட்காரவேண்டும் என்று வயிற்றில் இருக்கும்போதே நினைத்துக்கொண்டாள். சாஸ்திரீய சங்கீதம் கேட்டு வளர்கிற குழந்தைக்கு மூளை நன்றாக வளரும் என்று போன் வீடியோவில் ஒரு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டாள். கைக்குழந்தைகளுக்கென்றே கர்நாடக சங்கீத வீடியோக்கள் இருக்கின்றன. முத்துவேலை நச்சரித்து, அதைப் போட்டுக் காட்ட, பெரிய போன் மாதிரி ஒரு டேப் வாங்கினாள்.

அந்த வீடியோவில் ஆரஞ்சு நிறத்து யானை மிருதங்கம் வாசிக்கும். பச்சைக் கிளி கழுத்தை நீட்டிச் சுரம் பாடும். கீழே ஒரு பெண்ணின் கை, கண்ணாடி வளையல் போட்ட கை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தட்டும், விரல் எண்ணும், தட்டும், திருப்பும். காலையில் எண்ணெய் தேய்க்கும்போது ஒரு ராகம், கூழ் ஊட்டும்போது ஒரு ராகம், தூங்கவைக்க ஒரு ராகம் என்று ஹேமாவதி பிரித்து வைத்திருந்தாள். பிள்ளையோ கண்ணைக் கொட்டாமல் பார்த்தான். முதல் பிறந்தநாள் நெருங்குகையில் ஒரு நாள் அவனும் தன் தொடையில் தட்டினான். கையைத் திருப்பினான். விரல் எண்ணத்தான் வரவில்லை. தட்டும் திருப்பும் அந்தக் கையோடு சேர்ந்து அப்படியே விழுந்தன.

வீடே கொண்டாடியது. பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி ஓடிவந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாடி! எங்க வீட்டுல ஒருத்தன் பத்தாவது படிக்கான், கைதட்டச் சொன்னா ஒழுங்காத் தட்டமாட்டான்."

ஹேமாவதியின் தம்பி அருண்பாண்டியன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். மருமகன் தாளம் போடுவதை அழகாக எடுத்து எல்லா இடத்திலும் போட்டுவிட்டான். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். பூர்வ ஜன்ம ஞானம் என்று எழுதினார்கள்.

நாகவல்லியும் சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் கேப்பைக் கூழை ஆற்றிக்கொண்டு உள்ளே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஹேமாவதி யாரிடமோ போன் பேசுவதற்காக டேப்பின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். யானை வாசித்தது, சத்தமில்லை. கிளி வாயைத் திறந்தது, சத்தமில்லை. பிள்ளை தாளம் போட்டுக்கொண்டிருந்தான். தட்டு, திருப்பு.

அவளுக்கு மெய் சிலிர்த்தது. 'முருகா, வெளியே சத்தம் எதற்கென்று பாட்டை இவன் உள்ளேயே வைத்துவிட்டாயா' என்று கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அலமாரி முன்னால் கற்பூரம் மட்டும் ஏற்றினாள்.

அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமைவரைக்கும் இருந்தது. விளக்கு துலக்குவதற்காக மேல்தட்டிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தாள். கை நழுவிற்று. பிள்ளைக்குப் பின்னால், கல் தரையில், தாம்பாளம் விழுந்து சுழன்று சுழன்று அலறியது. ஜன்னலில் படுத்திருந்த பூனை ஒரே பாய்ச்சலாக ஓடியது. "என்னக்கா விழுந்துச்சு?" என்று பாண்டீஸ்வரி மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து கத்தினாள். சிவம் திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை. யானையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நாகவல்லி தாம்பாளத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

அதிலிருந்து கவனித்தாள். குக்கர் விசில் அடித்தால் தூக்கம் கலையவில்லை. போர்வையை இழுத்தால் கலைந்தது. அவன் அப்பன் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினால் திரும்பவில்லை. அப்பனின் நிழல் தரையில் விழுந்தால் திரும்பினான். அவன் பாட்டைக் கேட்கவில்லை, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சொல்லவேண்டும். யாரிடம் சொல்வது, எந்த வாயால் சொல்வது? ஊர் சொல்வதை அவள் முழுக்க நம்பவில்லை. முழுக்கத் தள்ளவும் முடியவில்லை. ஒருவேளை நிஜமாகவே தன் நாக்கில் ஏதோ இருந்தால்? நன்றாக இருக்கிற பிள்ளையைத் தானே சொல்லிச் செவிடாக்கிவிட்டால்? சொல்லாவிட்டாலோ, பிள்ளைக்குப் பேச்சு வராது. பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள். முருகன் வேலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

தம்பியிடம் மட்டும் தனியாக, மெதுவாக, ஒரே ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அங்கே அறுவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முத்துவேல் ஒரு பலகையைப் பிடித்திருந்தான்.

"முத்து, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"என்னக்கா?"

"பயலப் பத்தி."

"சத்தமாச் சொல்லு. ஒண்ணும் கேக்கல."

"தனியா வாடா."

"பலகைய விட முடியாது. சும்மா சொல்லுக்கா!"

அவள் கிட்டேபோய், தொண்டையைத் திறந்து கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய் மெஷின் நின்றது.

"பயலுக்குக் காது கேக்கலையோன்னு இருக்குடா!"

பட்டறை முழுக்கக் கேட்டது. வேலையாட்கள் உளியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். முத்துவேல் முகம் சுண்டிப்போயிற்று. "என்ன வார்த்தைக்கா பேசுற? வாயக் கழுவு மொதல்ல. ஊரே அவன் தாளத்தைப் பாத்து மூக்குல விரல வைக்குது. காது கேக்காமலா தாளம் போடுறான்?"

"படத்தப் பாத்துப் போடுறான்டா. ஒரே ஒரு தடவ டாக்டர்ட்டக் காட்டிரு."

"வீட்டுக்குப் போக்கா."

அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பேச்சு வீட்டுக்குப் போய்விட்டது. ஹேமாவதி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"மதினி, ஒங்க வாயில எம்புள்ளதான் கெடைச்சானா?"

"இல்லம்மா, தாம்பாளம் விழுந்துச்சு, அவன்..."

"போதும். ஒங்களுக்குன்னு ஒரு புள்ள இருந்தா இப்படிச் சொல்ல நாக்கு வருமா?"

நாகவல்லி தலையைக் குனிந்து உள்ளே போனாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட்டாளா இல்லையா என்றே அவளுக்கு நினைவில்லை.

இது நடந்து கொஞ்ச நாளில் அருண்பாண்டியன் குதித்துக்கொண்டு வந்தான். சாதனைச் சான்றிதழ் கொடுக்கிற ஏதோ ஒரு அமைப்பு, இவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறது. மிகச் சிறிய வயதில் தாளம் போட்ட குழந்தை என்று பதிய நினைக்கிறார்கள். போனிலேயே நேரடியாகப் பார்ப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம். சிவத்துக்குப் பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு. ஹேமாவதியின் சொந்தக்காரர்கள் சோபா நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நாகவல்லி சமையல்கட்டு வாசலோடு நின்றுகொண்டாள்.

போனில் ஒரு பெரியவர் வந்தார். மரியாதையானவர். வழக்கம்போல டேப்பை வைத்ததும் பிள்ளை தட்டினான், திருப்பினான். எல்லாரும் கைதட்டினார்கள். பெரியவரும் சிரித்தார். பிறகு, "ரொம்ப அழகும்மா. இப்ப அந்தப் படத்தைக் குழந்தைக்குக் காட்டாம, பாட்டை மட்டும் போடுங்களேன். அதுதான் விதி" என்றார்.

அருண்பாண்டியன் டேப்பைக் கவிழ்த்து வைத்தான். கிளி பாடியது. மிருதங்கம் கூடம் நிறையக் கேட்டது. பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தான். வேட்டிச் சரிகையைப் பிடித்து இழுத்தான். கால் கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"சத்தத்தைக் கூட்டுடா" என்றாள் ஹேமாவதி.

கூட்டினான். வேறு ராகம் போட்டான். பிள்ளை தவழ்ந்துபோய்க் கவிழ்ந்த டேப்பைத் திருப்பப் பார்த்தான். திருப்பிக் கொடுத்த உடனே தட்டினான்.

"குழந்தைக்கு இன்னைக்கு மனசு இல்லபோல. இன்னொரு நாள் பாப்போம்" என்று பெரியவர் நல்லபடியாகச் சொல்லிப் போனை வைத்தார்.

இப்போதாவது புரிந்திருக்குமே, இப்போதாவது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே என்று நாகவல்லி நினைத்தாள். சோபாவிலிருந்து ஒவ்வொரு முகமாகச் சமையல்கட்டு வாசலைப் பார்த்துத் திரும்பியது.

"நேத்துவரைக்கும் கேட்டுக்கிட்டிருந்த புள்ள" என்றாள் ஹேமாவதி. "சொன்னீகளே. சொன்னபடி ஆயிருச்சு. இப்ப குளுந்துச்சா மனசு?"

"ஐயோ, நான் சொல்றதுக்கு முன்னாடியே அவனுக்கு..."

"இன்னும் பேசுறாக பாருங்க!" என்றாள் ஓர் அத்தைக்காரி. "மச்சம் இருக்காம்ல நாக்குல."

நாகவல்லி தம்பியைப் பார்த்தாள். அவன் டேப்பின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மந்திரிக்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கயிறு கட்டி வந்தார்கள். காதைப் பார்க்கிற டாக்டரிடம் மட்டும் கொண்டுபோகவில்லை. அவரிடம் போனால் கரிநாக்கு சொன்னதை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடுமாம். பிள்ளையை நாகவல்லி தொடக்கூடாது என்று ஆயிற்று. அவன் தவழ்ந்து இவளிடம் வருவான், யாராவது வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், அவன் இவளைப் பார்த்துக் கை நீட்டி அழுவான். ஒரு நாள் முத்துவேல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு வேற எங்குட்டாவது இருந்தியன்னா, வீடு அமைதியா இருக்கும்."

"போறேன்டா. நீ அவன டாக்டர்ட்டக் காட்டு."

"அந்தப் பேச்ச விடுக்கா. காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

மானகிரியில் ஒரு பெண்கள் விடுதிச் சமையலில் ஆள் தேவைப்பட்டது. காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் அங்கே சேர்ந்தாள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். பாண்டீஸ்வரியின் மகள் அந்த விடுதியில் தங்கிப் படித்ததால், அவள் மகளைப் பார்க்க வரும்போது சேதி சொல்வாள். ஹேமாவதி டேப்பை விட்டுவிட்டுச் சுவரகல டிவி வாங்கிவிட்டாள். யானை இப்போது ஆள் உயரத்துக்கு வருகிறது. பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, ஒரு வார்த்தை இல்லை. ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும் என்கிறார்கள்.

நாகவல்லி முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

கடைசியில் முத்துவேலுக்கே உறைத்தது. ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குப் பிள்ளையைத் தூக்கிப்போயிருந்தான். வேலையாட்களின் குழந்தைகளும் வந்திருந்தன. பூஜை முடிந்து மெஷினை ஓடவிட்டார்கள். அத்தனை குழந்தைகளும் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. சிவம் மட்டும் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மரச்சுருளை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். முத்துவேல் மெஷினை நிறுத்தினான், போட்டான், நிறுத்தினான். மறுநாள் மதுரைக்குப் போய்விட்டான்.

அங்கே ஒரு டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: பிறவியிலேயே கேட்கவில்லை. இவன் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. ஒரு வயதுக்குள் கொண்டுவந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, காதுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்து கருவி வைக்கலாம், அரசாங்கத் திட்டத்திலேயே செய்யலாம், ஆனால் இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது.

அந்த வாரமே முத்துவேல் மானகிரிக்கு வந்தான். விடுதிப் பின்வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"நீ சொன்னது சரிதாங்க்கா" என்று சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தது தப்பில்லையே.

"அக்கா, நீ குன்றக்குடிக்கு வரணும்" என்றான். "ஹேமா ஆபரேசனுக்கு ஒத்துக்கவே மாட்டேங்கிறா. பச்சப் புள்ள மண்டையில கத்தி வைக்க விடமாட்டேங்கிறா. நீ சொன்னத நீயே முருகன் சன்னதியில வாயால திருப்பி எடுத்துக்கிட்டா, கத்தி இல்லாமலே கேட்டுரும்ங்கிறா."

"டாக்டர் பிறவியிலேயேன்னு சொன்னாருல்ல?"

"சொன்னாரு."

"நீ என்னடா நெனைக்கிற?"

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீ வந்துட்டுப் போயிரு."

அவன் போனபிறகு அவள் வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். போகாவிட்டால், வீம்புக்காரி, பிள்ளையை வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்பார்கள். போய், 'கேட்கும்' என்று சொல்லிவிட்டால், கேட்கட்டும் கேட்கட்டும் என்று இன்னும் ஒரு வருஷம் அந்த யானைக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைக்குத்தான் நஷ்டம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைக்கிறதை யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மலையில் நல்ல கூட்டம். சிவம் மாமன் தோளில் உட்கார்ந்து வந்தான். வளர்ந்திருந்தான். படியில் அத்தையைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு கையையும் நீட்டினான். ஹேமாவதி அவனை வாங்கி மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். நாகவல்லி நீட்டின கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

சன்னதியில் தீபாராதனை முடிந்தது. திருநீறு வாங்கிக்கொண்டு ஓரமாக வந்தார்கள்.

"சொல்லுங்க மதினி" என்றாள் ஹேமாவதி. அவள் குரலில் சண்டை இல்லை. அழுது அழுது வற்றிப்போன குரல்.

"ஹேமா, நான் சொன்னதாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு நம்புறியா?"

"நம்புறேன்."

"நான் சொன்னா பலிக்கும்னு நம்புற."

"பலிச்சிருச்சே. இன்னும் என்ன?"

நாகவல்லி சன்னதியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அப்ப எல்லாரும் கேட்டுக்கங்க. என் நாக்குதான் காரணம். நல்லாக் கேட்டுக்கிட்டிருந்த புள்ள. நான் பட்டறையில நின்னு கத்துனேன், அதான் இப்படி ஆச்சு. முருகன் சாட்சி."

"அக்கா!" என்றான் முத்துவேல்.

"நீ சும்மா இரு. இப்ப அதே நாக்கால சொல்றேன். மதுரையில ஆபரேசன் பண்ணுனா இவனுக்குக் கேக்கும், பேச்சு வரும். பண்ணலைன்னா ஆயுசுக்கும் கேக்காது. எத்தன கயிறு கட்டுனாலும் கேக்காது. சொல்லிட்டேன். இனி மாத்திச் சொல்லமாட்டேன்."

ஹேமாவதி சட்டென்று பிள்ளையின் காதைக் கையால் பொத்தினாள். பாம்பைக் கண்டவள்போல இரண்டடி பின்னால் போனாள். "அடிப்பாவி" என்று மட்டும் சொன்னாள். பிறகு திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போனார்கள். பிள்ளை மட்டும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனான்.

நாகவல்லி சன்னதி முன்னால் விழுந்து கும்பிட்டாள். முருகன் பேரைச் சாட்சி வைத்துச் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டாள். எழுந்து நின்றபோது, பொய்தானா அது என்று ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்தது. அத்தனை பேர் அத்தனை வருஷம் சொன்னால் யாருக்குத்தான் வராது?

அந்த நாக்குக்குப் பயந்து ஹேமாவதி சம்மதித்தாள். டாக்டர் சொல்லிக் கேட்காதவள், புருஷன் சொல்லிக் கேட்காதவள், இதைக் கேட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில வாரங்கள் கழித்துக் கருவியை ஓடவிட்டபோது பிள்ளை முதல் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீறிட்டு அழுதானாம். இனி டிவி வேண்டாம், வீடியோ வேண்டாம், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் அவனிடம் யாராவது பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சோறு பிசைந்தால் சோறு என்று சொல்லவேண்டும், தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் என்று சொல்லவேண்டும்.

"நான் வேணா வந்து..." என்று நாகவல்லி தம்பிக்குப் போன் போட்டாள்.

"வேணாங்க்கா" என்றான் முத்துவேல். "ஒரு வார்த்தையில கெடுத்த, ஒரு வார்த்தையில குடுத்த. நல்லபடியா இருக்கும்போது எதுக்கு வம்புங்கிறா ஹேமா. நீயும்தானே மலையில ஒத்துக்கிட்ட."

அவன் குரலைக் கேட்டபோது, அவனும் இப்போது அதை நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. நம்பிக்கொண்டால் அவனுக்கும் சௌகரியம்தானே.

கழனிவாசலில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. அவளே முருகன் முன்னால் ஒத்துக்கொண்டாள் என்கிறார்கள். சேதி மானகிரி விடுதிக்கும் வந்துவிட்டது. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் சமையல்கட்டுக்கு வந்து, "பாஸாயிருவேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று நிற்கும். அதே பிள்ளைகள், "படி ஈரமா இருக்கு தாயி, பாத்துப் போ" என்று அவள் சொன்னால், முகம் வெளிறித் திரும்பி வந்து, "ஏங்க்கா அப்படிச் சொல்றீக?" என்று அழுகிற மாதிரி கேட்கும்.

போன மாதம் பாண்டீஸ்வரி வந்தபோது போனைத் திறந்து காட்டினாள். அருண்பாண்டியன் எடுத்த வீடியோ. சிவத்தின் காதுக்குப் பின்னால் வட்டமாக ஒரு சின்னக் கருவி ஒட்டியிருந்தது. ஹேமாவதி ஓர் அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு, உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்டுச் சொல்லட்டும் என்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இளைத்துப்போயிருந்தாள்.

"அம்மா." பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தான். "ம்மா."

"அப்பா." "ப்பா."

"மாமா." "மாம்மா."

"பூனை." "ஊனை." ஹேமாவதி சிரித்து அவனை அணைத்துக்கொண்டாள். வீடியோ நின்றது.

"இன்னும் இருக்கா பாண்டி?"

"அம்புட்டுதாங்க்கா." பாண்டீஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "பூனையச் சொல்லிக் குடுக்கத் தெரியுது. அத்தைன்னு ஒண்ணு சொல்லிக் குடுத்தா என்ன கொறஞ்சு போகுது? நீங்க ஏங்க்கா அன்னைக்கு அப்படி ஒத்துக்கிட்டீக? ஆபரேசனுக்குப் போகவைக்கத்தான் அப்படிச் சொன்னீகன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நான் போயி ஹேமா மூஞ்சிக்கு நேராச் சொல்றேன். ஒங்களையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்றேன்."

நாகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பாண்டி. என் நாக்குல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா, அந்த வீணாப்போன வருசத்துக்கு அவ யாரத் திட்டுவா? தன்னையத்தான் திட்டிக்குவா. அவ இப்ப காலையிலருந்து படுக்குறவரைக்கும் புள்ளகிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும். அழுதுக்கிட்டு உக்காந்துட்டா அவன்ட்ட யாரு பேசுறது?"

"அதுக்கு நீங்க இங்குட்டுக் கெடந்து காய் நறுக்கணுமாக்கும்."

காரைக்குடி பஸ் வந்து ஹாரன் அடித்தது. பாண்டீஸ்வரி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். சாயங்காலக் குழம்புக்குக் கத்தரிக்காய் காம்பு கிள்ளாமல் கிடந்தது. நாகவல்லி தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.